ஒரு உளுந்து நகர 270 ரூபாய்

“தம்பி, இருபது செகண்டுக்கு அறுபத்தஞ்சாயிரமா? எங்க தெருப் பையன் மூவாயிரத்துக்கு ரீல்ஸ் எடுத்துத் தர்றேங்கிறான்.”

இந்த வாய்ஸ் நோட்டை மூன்று தடவை கேட்டேன். அனுப்பியவர் நங்கநல்லூரில் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து பாட்டிலில் அடைத்து விற்கும் ஓர் அக்கா. குரலில் கோபமே இல்லை, சுத்தமான ஆச்சரியம். அதுதான் எனக்குச் சங்கடம். கோபப்பட்டால் நாமும் பதிலுக்கு முறுக்கிக்கொள்ளலாம், ஆச்சரியப்படுகிறவருக்குக் கணக்கு சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் சாலிகிராமத்தில் ஒரு மாடி அறையில் ஸ்டாப் மோஷன் விளம்பரம் எடுக்கிறவன். பொருளை மேசையில் வைத்து ஒரு ஃபோட்டோ, துளி நகர்த்தி இன்னொரு ஃபோட்டோ, மறுபடி துளி நகர்த்தி இன்னொன்று. எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் பாட்டில் தானாக நடந்து வரும், மூடி தானாகத் திறந்துகொள்ளும், மிளகாய் வற்றல் வரிசையில் நின்று உள்ளே குதிக்கும். வித்தை அவ்வளவுதான், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் விலையை மட்டும் யாருக்கும் வாயால் புரியவைக்க முடிந்ததில்லை. அதனால் அக்காவிடம், “நாளைக்கு நேர்ல வாங்க, ஒரு மணி நேரம் உட்காருங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்றேன்.

வந்தார். அன்றைக்கு மேசையில் ஒரு சோப்பு வேலை ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அடுத்த ஃபோட்டோவைத் திரையில் பார்த்தால் சோப்பு உறையின் பளபளப்பில் மஞ்சளாக ஒரு கீற்று. அக்காவின் புடவை. ஒரு கறுப்புத் துணியைக் கொடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னேன். வெளியே மே மாத வெயில், உள்ளே ஃபேன் இல்லை, அதில் கறுப்புப் போர்வை வேறு. பாவம், அவரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்ததை ஓட்டிக் காட்டினேன். 13 ஃபோட்டோ. சோப்பு அரை விரல்கடை நகர்ந்து லேசாகத் தலையைச் சாய்த்தது, முடிந்தது. ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேலே.

“இவ்ளோதானா?” என்றார்.

“இவ்ளோதான்க்கா.”

கீழே இறங்கும்போது, “ஐநூறாவது குறைச்சுக்கோங்க தம்பி” என்றார். குறைக்கவில்லை, பாட்டிலை மட்டும் தனியாக இரண்டு ஃபோட்டோ எடுத்துத் தருகிறேன் என்று முடித்தோம். சென்னையில் எந்த வியாபாரமும் மேலே கொஞ்சம் கொசுறு போடாமல் முடிவதில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். சினிமாவில் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஸ்டாப் மோஷனில் பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவைப்போம், அப்போது வினாடிக்கு 12 படம் போதும், லேசாக வெட்டி வெட்டி நகரும் அந்த அழகும் கிடைக்கும். இருபது வினாடிக்கு 240 படம். அறுபத்தைந்தாயிரத்தை 240-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு 270 ரூபாய்ச் சொச்சம். அதாவது ஓர் உளுந்தைப் பல்குச்சியால் ஒரு தள்ளு தள்ளி க்ளிக் செய்ய 270 ரூபாய். இப்படிச் சொன்னால் எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பணம் போகிற இடத்தையும் பாருங்கள். கூட வேலை செய்யும் தம்பிக்கு நாளைக்கு 1,500 வீதம் நாலு நாள், 6,000. லைட்டும் மேக்ரோ லென்ஸும் வாடகை நாளைக்கு 2,500, மூன்று நாளுக்கு 7,500. பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் எடுத்துவந்த பின்னணித் தாள்கள், ஒரே அளவில் பொறுக்கியெடுத்த மிளகாய், பருப்பு, சின்ன மரப்பலகை, டேப், பசை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 5,500. எடிட்டிங், கூடவே பாட்டிலைத் தூக்கிப் பிடித்த கம்பியை ஒவ்வொரு படத்திலும் அழிக்கும் வேலை, 10,000. சத்தம், இசை 4,000. இதுவே 33,000 ஆயிற்று. மீதி 32,000 என் ஏழு நாளுக்கு: யோசித்துப் படம் வரைய, சாமான் வாங்க, சோதித்துப் பார்க்க இரண்டு நாள், ஷூட்டிங் மூன்று, வாடிக்கையாளர் சொல்லும் திருத்தத்தோடு உட்கார இரண்டு. நாளைக்கு நாலாயிரத்து ஐந்நூற்றுச் சில்லறை. அதில்தான் அறை வாடகை, கரண்ட் பில், கேமரா தேய்மானம். கேமராவின் ஷட்டருக்கு ஆயுள் உண்டு, ஒரு லட்சம் க்ளிக், இரண்டு லட்சம் க்ளிக் என்று மாடலுக்கு ஒரு கணக்கு. கல்யாண வீட்டில் ஃபோட்டோ எடுப்பவர் அதைச் சந்தோஷமாகச் செலவழிப்பார், நான் உளுந்துக்குச் செலவழிக்கிறேன். இது என் மாதிரிச் சின்ன ஆளின் கணக்கு. சேவைத் தொழிலில் வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாததால் எனக்கு ஜிஎஸ்டி இல்லை. கொஞ்சம் பெரிய ஸ்டுடியோவிடம் போனால் தொகையும் வேறு, மேலே 18 சதவீதமும் உண்டு.

இந்தப் பட்டியலில் எழுத முடியாத செலவு ஒன்று இருக்கிறது, இந்தத் தொழிலில் பாதி அதுதான். அசையாமல் இருப்பதற்கான செலவு.

வீடியோ எடுப்பவருக்கு மேசை லேசாக ஆடினால் பெரிய விஷயமில்லை. எனக்கு 117-வது படத்தில் மேசை ஒரு நூல் நகர்ந்தால் ஓட்டிப் பார்க்கும்போது உலகமே துள்ளும். மெட்ரோவின் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி பாதைக்கு ஆற்காடு சாலையில் பள்ளம் தோண்டித் தூண் எழுப்பிய நாட்களில் என் தொழிலே ராத்திரித் தொழிலாகிவிட்டது. அவர்கள் ராத்திரியும் வேலை பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். தூரத்தில் இயந்திரம் இறங்கும் ஒவ்வொரு தடவையும் மேசையில் நிற்கும் எள் ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும். ட்ரைபாட் கால்களைத் தரையோடு பசை வைத்து ஒட்டினேன், மேசைக் கால்களுக்குக் கீழே ரப்பர் வைத்தேன், தெருவில் தண்ணீர் லாரி திரும்பும் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் கையை எடுத்துக்கொண்டு சாமி கும்பிடுவது போல நிற்போம்.

ஃபேன் போட்டால் தாள் படபடக்கும். ஏசி போடலாமே என்பீர்கள். அதன் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் நொடியில் எங்கள் வீட்டு வோல்டேஜ் ஒரு முங்கு முங்கி எழும், லைட்டும் கூடவே முங்கும். கண்ணுக்குத் தெரியாது, படங்களை ஓட்டினால் மின்மினி போல விட்டுவிட்டு மினுக்கும். ஜன்னல் வெளிச்சமும் ஆகாது, மூன்று மணி நேர வேலையில் சூரியன் நகர்ந்துவிடும், இருபது வினாடிப் படத்துக்குள் சாயங்காலமே வந்துவிடும். எனவே ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. கத்திரி வெயிலில், மூன்றாவது மாடியில், மூடிய அறையில், இரண்டு பேர். நெற்றி வியர்வை ஒரு சொட்டு பின்னணித் தாளில் விழுந்து, அந்த ஒரு சொட்டுக்காக 31 படங்களைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். இப்போது இரண்டு பேருமே தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் உட்காருகிறோம், பார்ப்பவர்களுக்கு ஏதோ நாற்று நடுகிறவர்கள் மாதிரி இருக்கும்.

மினுக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆரம்பத்தில் எடுத்த ஒரு வேலை முழுக்க அப்படி மினுக்கியது. ஏசியும் இல்லை, ஜன்னலும் திறக்கவில்லை. நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி லென்ஸ். இந்தக் காலத்து லென்ஸ்கள் ஒவ்வொரு க்ளிக்குக்கும் உள்ளே இருக்கும் துளையைச் சுருக்கி மறுபடி விரிக்கின்றன, ஒவ்வொரு தடவையும் மயிரிழை வித்தியாசம், அது போதும். துளையைக் கையால் திருகி வைத்தால் அப்படியே நிற்கும் பழைய லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். அதை இந்தக் கேமராவில் பொருத்த ஒரு வளையம். புதிய லென்ஸ் இன்னும் பெட்டியில் தூங்குகிறது.

அக்காவின் வேலைக்கு வருவோம். கதை எளிது. வெள்ளைத் தாளில் காலி பாட்டில் நடந்து வந்து நிற்கும். உளுந்து, கடலைப்பருப்பு, எள், மிளகாய் எல்லாம் நாலு பக்கமிருந்தும் ஊர்ந்து வந்து பாட்டிலைச் சுற்றிக் கோலம் போலச் சேரும், பிறகு பாட்டில் நிறைந்திருக்கும், மூடி சுழன்று இறங்கும், பாட்டில் ஒரு சுற்று சுற்றி லேபிளைக் காட்டும்.

இதில் கோலத்தை நாங்கள் பின்னாலிருந்துதான் எடுத்தோம். பருப்பை ஒவ்வொன்றாக நகர்த்திக் கொண்டுவந்து சரியான வட்டமாகச் சேர்ப்பது ஆகாத காரியம், கடைசியில் வட்டம் கோணலாகத்தான் நிற்கும். எனவே முதலில் சாவகாசமாக உட்கார்ந்து முழுக் கோலத்தையும் போட்டுவிட்டோம், மூன்று மணி நேரம், எள்ளுக்கு ட்வீசர், உளுந்துக்குப் பல்குச்சி. அப்புறம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துக் கலைத்துப் படம் எடுத்து, எடிட்டிங்கில் தலைகீழாக ஓட்டிவிட்டோம். கலைப்பது சுலபம், கலைவது எங்கே போனாலும் யாருக்கும் கவலையில்லை. திரையில் பார்க்கிறவர்களுக்கோ சிதறிய பருப்பெல்லாம் யாரோ விசில் அடித்த மாதிரி ஓடி வந்து தன் இடத்தில் உட்காரும்.

நடுவில் ஓர் எறும்பு. கோலம் போட்டு முடித்துத் திரையில் பார்க்கிறேன், ஓர் எள் மட்டும் தானாக நகர்கிறது. வாடகைக்கு எடுத்த லைட்டின் சூட்டில் கண் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். தம்பி குனிந்து பார்த்துவிட்டு, “அண்ணா, இதுக்கு 270 ரூபா கிடையாதுல்ல?” என்றான். மேசைக் கால்களைச் சுற்றி மஞ்சள்பொடியால் கோடு போட்டு அன்றைய ஷூட்டிங்கைக் காப்பாற்றினோம். அதற்கு ரூபாய் பத்து, கணக்கில் எழுதவில்லை.

ஒரு நாள் ஃபோனில் அக்கா, “இதெல்லாம் இப்ப வந்த டிரெண்டா தம்பி?” என்று கேட்டார். இல்லை, விளம்பரப் படமும் இந்த வித்தையும் கிட்டத்தட்டக் கூடவே வளர்ந்தவை. ஆர்தர் மெல்போர்ன்-கூப்பர் என்ற ஆங்கிலேயர் எடுத்த குட்டிப் படம் ஒன்று இருக்கிறது, தீக்குச்சியால் செய்த மனிதன் சுவரில் ஏறி, போருக்குப் போன சிப்பாய்களுக்குத் தீப்பெட்டி அனுப்பக் காசு கொடுங்கள் என்று எழுதுகிறான். அது 1899-இல் எடுத்ததா, முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் எடுத்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எதுவானாலும், தீப்பெட்டியில் ஆரம்பித்த தொழில் என்றால் சிவகாசிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் 1930-களில் ஜார்ஜ் பால் என்ற ஹங்கேரிக்காரர் நெதர்லாந்தின் ஐந்தோவனில் உட்கார்ந்து பிலிப்ஸ் ரேடியோவுக்கும் ஹார்லிக்ஸுக்கும் மரப்பொம்மைகளை வைத்து விளம்பரப் படங்கள் எடுத்தார். ஆமாம், நம் வீட்டு அலமாரியில் இருந்த அதே ஹார்லிக்ஸ். அவர் ஒரே பொம்மையின் காலை மடக்கி நீட்டவில்லை. நடையின் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் பொம்மை செதுக்கி, மாற்றி மாற்றி வைத்தார். ஒரு குட்டிப் படத்துக்கு ஆயிரக்கணக்கில் பொம்மைகள். அந்தக் கொட்டேஷனைப் பார்த்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் பிரிஸ்டலில் இருக்கும் ஆர்ட்மன் மாதிரிப் பெரிய ஸ்டுடியோவிலேயே முழுநீளப் படத்துக்கு ஓர் ஆள் ஒரு நாளில் முடிப்பது ஓரிரண்டு வினாடிதான். நான் நாளைக்கு ஆறு வினாடி எடுக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் பருப்புக்கு முகபாவம் கிடையாது.

இனி நடந்த கூத்தைச் சொல்கிறேன். படம் முடிந்து, அனுப்பி, அக்கா பார்த்து, வீட்டில் எல்லாரும் பார்த்து, மாமியார் முதற்கொண்டு பாராட்டி நாலாவது நாள் ஃபோன் வந்தது. வியாபாரம் வளர்ந்ததால் உணவுப் பாதுகாப்புப் பதிவு லைசென்ஸாக மாறியிருக்கிறது, அந்த 14 இலக்க எண் புதிதாக வந்திருக்கிறது, எப்படியும் லேபிளை மறுபடி அடிக்க வேண்டும், அடிக்கிறதுதான் அடிக்கிறோம் என்று நிறத்தையும் மாற்றியாயிற்று. மெரூன் போய்ப் பச்சை.

“அந்த லேபிளை மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்திடுங்க தம்பி, சின்ன வேலைதானே?”

பாட்டில் சும்மா நின்றிருந்தால் மாற்றியிருக்கலாம். அது சுற்றுகிறது. லேபிள் தெரிகிற படங்கள் மட்டும் 96. ஒவ்வொன்றிலும் வளைவு வேறு, அதன் மேல் விழும் மிளகாய் நிழல் வேறு. அதைவிட வம்பு, பழைய லேபிளின் மெரூன் சாயல் கீழே வெள்ளைத் தாளில் மங்கலாக விழுந்திருக்கிறது. மேலே பச்சை லேபிள், கீழே மெரூன் நிழல் என்றால் ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிற கண்ணுக்கு ஏதோ உறுத்தும். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, திரும்ப எடுப்பதே மேல் என்று விட்டுவிட்டேன்.

திரும்ப எடுக்க மேசை வேண்டும். மேசையில் வேறு ஒருவரின் காதணிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அது முடிய ஒரு வாரம். லைட் நின்ற இடங்களைத் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தேன், கில்லாடித்தனமாகத்தான். வீடு துடைக்க வரும் அம்மா அதையெல்லாம் அழுக்கு என்று சுரண்டி எடுத்து, தரையைப் பளிச்சென்று துடைத்துவைத்திருந்தார். பழைய படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு நிழலுக்கு நிழல் பொருத்தியே முக்கால் நாள் போனது. வாடகை, தம்பியின் சம்பளம், என் நாட்கள் எல்லாம் சேர்த்து 14,000 கேட்டேன். அக்கா கொடுத்தது 8,000. சண்டை போட எனக்கு வாயில்லை, ஏனென்றால் கொட்டேஷனில் இப்படி ஒன்று நடந்தால் என்ன என்று ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை. தப்பு என்மேல்தான்.

இப்போது எழுதுகிறேன். எழுதுவதோடு நிற்பதில்லை, கேட்கவும் கேட்கிறேன்: லேபிள் இதுதானா, மூடி நிறம் இதுதானா, விலை ஸ்டிக்கர் ஒட்டின பாட்டிலா ஒட்டாததா, பேக்கிங் மாறப் போகிறதா. நேராக எடுக்கும் வீடியோவில் இயக்குநர் மனம் மாறினால் “இன்னொரு டேக்” என்றால் போதும். இங்கே மனம் மாறினால் அதற்கு ஃபிரேம் கணக்கில் பில் வரும். ஸ்டாப் மோஷன் விலை அதிகம் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் கொடுத்தது பாதியில் மனம் மாறியதற்கான விலை. மூன்று நாள் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வையும் பேசித் தீர்த்துவிட்டு வருகிற வாடிக்கையாளருக்கு நான் தைரியமாகப் பத்தாயிரம் குறைத்தே சொல்கிறேன், எனக்கு நஷ்டம் வந்ததில்லை.

குறைக்க வேறு வழிகளும் இருக்கின்றன. ஃபோனில் மட்டும் ஓடப் போகிற படம் என்றால் இருபது வினாடி எதற்கு, ஆறு வினாடி எடுத்து முடிவும் தொடக்கமும் ஒட்டுகிற மாதிரி வைத்தால் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். வினாடிக்கு எட்டுப் படம்கூடப் போதும், பருப்பு கொஞ்சம் தத்தி நடக்கும், அதுவும் அழகுதான். கேமராவில் வரும் படம் 6,000-க்கு 4,000 புள்ளி, அதனால் நடுவில் இடம் விட்டு எடுத்தால் ஒரே ஷூட்டிங்கிலிருந்து குறுக்குவாட்டில் ஒன்று, நெடுக்குவாட்டில் ஒன்று என்று இரண்டும் வெட்டிக்கொள்ளலாம். இதற்குத் தனிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நான் வாங்குவதில்லை.

எல்லாருக்கும் இது தேவையும் இல்லை. போன மாதம் ஒருவர் தண்ணீர் மோட்டார் விற்கிறேன், அது நடந்து வர வேண்டும் என்றார். பதினெட்டு கிலோ. அதைத் துளித்துளியாகத் தள்ளினால் எனக்கு முதுகு போகும், உங்களுக்குக் காசு போகும், கிணற்றடியில் தண்ணீர் கொட்டுவதை ஒரு நிமிஷம் ஃபோனில் எடுத்துப் போடுங்கள், அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்று அனுப்பிவைத்தேன். கையில் அடங்குகிற பொருள், பார்த்தால் தொடத் தோன்றுகிற பொருள், அதற்குத்தான் இது சரிவரும்.

ஏஐ பற்றிக் கேட்காமல் இப்போது யாரும் ஃபோனை வைப்பதில்லை. நானே அக்காவின் பாட்டிலைக் கொடுத்து ஒன்று செய்து பார்த்தேன். நிமிஷத்தில் வந்தது, அழகாகவும் இருந்தது, மிளகாய் நடனமே ஆடியது. லேபிளில் ‘இட்லிப் பொடி’ இருந்த இடத்தில் மட்டும் தமிழ் மாதிரி ஏதோ ஒன்று, கொம்பும் சுழியும் இடம் மாறி, எந்த ஊர்க் கல்வெட்டோ என்று நினைக்கும்படி. நாளைக்கு அதுவும் சரியாகிவிடும், சந்தேகமில்லை. அப்போது என் வேலையில் பாதி போகும் என்பதிலும் சந்தேகமில்லை. மீதிப் பாதிக்கு வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று ராத்திரி பல்குச்சியோடு உட்கார்ந்திருக்கும்போது யோசிப்பேன், அதற்குள் தண்ணீர் லாரி வந்துவிடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்காவிடமிருந்து இன்னொரு வாய்ஸ் நோட்.

“தம்பி, தீபாவளிக்கு அதிரசம் போடறோம். டப்பாவிலேருந்து அதிரசம் ஒண்ணொண்ணா உருண்டு வர்ற மாதிரி ஒண்ணு பண்ணணும். பத்து செகண்ட் போதும், இந்தத் தடவை விலையெல்லாம் பேச மாட்டேன். லேபிள் மட்டும் இன்னும் டிசைன் ஆகலை, நீங்க ஆரம்பிச்சுடுங்க.”

“லேபிள் ஒட்டின டப்பா கைக்கு வந்ததும் கூப்பிடுங்கக்கா” என்று அனுப்பியிருக்கிறேன். ரெண்டு ப்ளூ டிக் விழுந்திருக்கிறது.